பிரிக்காத கவர்

என் மேஜையின் மூன்றாவது இழுப்பறையில் ஒரு துணிப்பை கிடக்கிறது. மஞ்சள் துணியில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புப் பூ. நைட்டி தைத்தபின் மிஞ்சுகிற வெட்டுத்துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்தது என்பதால் ஒரு பூவின் பாதி ஓரிடத்திலும் மறுபாதி வேறெங்கோவும் இருக்கும். வாய்ப்பக்கத்தில் நைட்டியின் கழுத்துக்கு வைக்கிற அதே ஜிப். பைக்குள் நீளமான வெள்ளைக் கவர் ஒன்று, பேங்கிலிருந்து வருகிற மாதிரி. இப்போது அதற்குள் ஒன்றும் இல்லை. அதன் பின்பக்கத்தில் டீ கிளாஸ் வைத்த கறை, பழுப்பாக, முக்கால் வட்டம். அந்தக் கிளாஸ் என்னுடையது. மற்றக் கதையைச் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

ராஜபாளையத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ் என்று இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுக்கிற உதவித்தொகை என் பொறுப்பு. விண்ணப்பம் வாங்குவது, சான்றிதழ்களைச் சரிபார்ப்பது, கம்ப்யூட்டரில் ஏற்றி மேலே அனுப்புவது, பணம் வரும்வரை வந்து கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வது. இந்தக் கடைசி வேலைதான் ஆளைக் கொல்லும். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கிற பெயர் கடுகு. நான் நடந்து போனால் பின்னால் யாராவது எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி சத்தம் எழுப்புவார்கள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு ஃபைல் தப்பாகப் போனதில்லை, ஒரு பைசா என் கையில் ஒட்டியதில்லை என்கிற பெருமையும் அதே மூக்கு நுனியில்தான் இருந்தது. அந்தப் பெருமைதான் பிறகு என்னைக் கவிழ்த்தது.

நானும் அந்த உதவித்தொகையில் படித்தவள்தான். எங்கள் காலத்தில் பணம் கைக்கு வரும். அலுவலக ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நிற்போம். பெயர் கூப்பிடுவார்கள், ஸ்டாம்பு ஒட்டிய இடத்தில் கையெழுத்துப் போடச் சொல்வார்கள், முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கொடுப்பார்கள். வராத பிள்ளையைப் பற்றி, ‘அது எங்கே, உடம்புக்கு முடியலையா?’ என்று வரிசையில் நிற்பவர்களிடம் கேட்பார்கள். நின்று நின்று கால் கடுக்கும், கூச்சமாகவும் இருக்கும். அதெல்லாம் போய் இப்போது பணம் நேராக பேங்குக்குப் போகிறது. இடையில் யாரும் கை வைக்க முடியாது. நல்லதுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வராத பிள்ளை எங்கே என்று கேட்க யாருக்கும் தோன்றாமல் போய்விட்டது. எனக்கும் தோன்றவில்லை.

அந்தத் துணிப்பையைக் கொண்டுவந்த அம்மாவை நான் மனதுக்குள் தளவாய்புரத்தம்மா என்றே சொல்லிக்கொள்வேன். தளவாய்புரத்தில் வீட்டுக்கு வீடு தையல் மெஷின் ஓடும். அவரும் வீட்டிலிருந்தே நைட்டி தைத்துக் கொடுப்பவர். கணவர் தறி ஓட்டியவர், நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்து சில வருடம் ஆகியிருந்தது. இரண்டு பெண்கள். மூத்தவள் எங்கள் கல்லூரியில் கணிதம் படிக்க வந்தாள். சேர்க்கை நாளில் அவளோடு வந்த அம்மா அந்தப் பூப்போட்ட பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றது எனக்கு இன்றும் தெரிகிறது. நான் வருமானச் சான்றிதழ் கேட்டேன். பையிலிருந்து எடுத்தார். சாதிச் சான்றிதழ் கேட்டேன், எடுத்தார். ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக், மதிப்பெண் பட்டியலின் ஜெராக்ஸ், இறந்த கணவரின் சான்றிதழ். எதைக் கேட்டாலும் இருந்தது. ஏதாவது ஒன்று குறைகிறது என்று சொல்லிச் சொல்லியே மக்களைத் திருப்பி அனுப்பிப் பழகிய எனக்கு அது அதிசயமாக இருந்தது. ‘பரவாயில்லையே’ என்றேன். அவர் வெட்கத்தோடு சிரித்துவிட்டு, “தாலுகா ஆபீசுக்கு ஆறு தரம் நடந்தேன் மேடம். ஒவ்வொரு தரமும் வேற ஒண்ணு கேட்டாவ. பொறவு எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு வச்சுக்கிட்டேன்” என்றார்.

முதல் வருடம் எந்தச் சிக்கலும் இல்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது திறந்த கணக்குக்கு உதவித்தொகை ஒழுங்காக வந்தது, கல்லூரிக் கட்டணத்தைக் கட்டினாள். வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருத்தி என்று அவளுடைய டீச்சர் சொன்னார். இரண்டாம் வருடத்துக்கான பணம் அனுப்பப்பட்டுவிட்டதாக என் கம்ப்யூட்டர் காட்டியது. மற்றப் பிள்ளைகள் வந்து, ‘வந்துட்டு மேடம்’ என்று சொல்லிப் போனார்கள். அவள் மட்டும் வரவில்லை என்றாள். சில பேருக்கு ஒரு வாரம், பத்து நாள் தாமதமாகும், இது எனக்குப் புதிதல்ல. ‘வரும், போ’ என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரத்திலிருந்து அம்மா வர ஆரம்பித்தார்.

திங்கட்கிழமைதான் வருவார். வாரம் முழுக்கத் தைத்ததை ஞாயிற்றுக்கிழமை முதலாளி வீட்டில் ஒப்படைத்துவிடுவதால் திங்கட்கிழமை காலை மட்டும் அவருக்கு மெஷின் சும்மா இருக்கும். பதினோரு மணி பஸ்ஸில் வந்து என் முன்னால் நிற்பார். உட்காரச் சொன்னாலும் நுனியில்தான் உட்காருவார். கேட்பதற்கு முன்பே பையின் ஜிப்பைத் திறந்து ஒவ்வொன்றாக மேஜைமேல் பரப்புவார், ஏதோ ஒரு காகிதம் குறைந்ததால்தான் பணம் நின்றுபோயிருக்கும் என்கிற மாதிரி. நான் பாஸ்புக்கை மட்டும் எடுத்துப் புரட்டுவேன். பேங்கில் அச்சடித்துக்கொண்டு வந்தும் புது வரவு எதுவும் இருக்காது. ‘அனுப்பியாச்சும்மா. இங்கே காட்டுது பாருங்க’ என்று கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்புவேன். அவருக்கு அது புரியாது என்று எனக்குத் தெரியும். அவரும் எட்டிப் பார்த்துத் தலையாட்டுவார். பிறகு எல்லாவற்றையும் அடுக்கித் திரும்பப் பைக்குள் வைப்பார். கடைசியாக உள்ளே போவது அந்த வெள்ளைக் கவர். மற்றவை நடுவில் பரந்து கிடக்க அது மட்டும் எப்போதும் மேஜை ஓரத்தில், தனியாக, குப்புறக் கிடக்கும்.

ஒரு திங்கட்கிழமை அட்டெண்டர் டீ கொண்டுவந்தார். மேஜை முழுக்கக் காகிதம். கிளாஸை எங்கே வைப்பது என்று பார்த்து அந்தக் கவரின்மேல் வைத்தேன். தளவாய்புரத்தம்மா பதறிப்போனார். என்னிடம் எதுவும் சொல்லத் தைரியமில்லாமல், நான் கிளாஸை எடுக்கிறவரை காத்திருந்து, சட்டென்று கவரை எடுத்து முந்தானையால் துடைத்தார். கறை போகவில்லை. “மில்லுக்காரவிய கவரு மேடம். அழுக்காச்சுன்னா ஏசுவாவ” என்றார். நான் சிரித்தேன். ‘மில்லுக்காரங்க கவரை நீங்க எதுக்கும்மா ஊரெல்லாம் தூக்கிட்டுத் திரியுறீங்க?’ என்று கேட்டது கூட நினைவிருக்கிறது. “கேட்டு வந்தாக் குடுக்கணும்லா” என்றார். அவ்வளவுதான் பேச்சு. ஃபோன் அடித்தது, நான் எடுத்தேன். என் வேலையில் இருக்கிற ஒருத்தி அந்த இடத்தில் ஒரே ஒரு கேள்வி அதிகமாகக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

வாரங்கள் ஓடின. பேங்கில் கேட்டால் வரவில்லை என்றார்கள். நான் அனுப்பியாயிற்று என்றேன். இரண்டும் உண்மை. இந்த இரண்டு உண்மைக்கும் நடுவில் அந்த அம்மா பஸ் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். பருவத் தேர்வு நெருங்கியது. கல்லூரிக் கட்டணம் பாக்கி இருந்தால் தேர்வுக் கட்டணம் வாங்க மாட்டார்கள். அதற்கு ஒரு வழி உண்டு. உதவித்தொகை வரவேண்டிய பிள்ளை, அவகாசம் கொடுக்கலாம் என்று நான் முதல்வருக்கு நாலு வரியில் ஒரு குறிப்பு எழுதினால் போதும், தேர்வு எழுத விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு வருடமும் எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன். இவளுக்கும் எழுதுவதாகத்தான் இருந்தேன்.

அந்த வாரத்தில் மூத்தவள் அலுவலகத்துக்கு வந்தாள். அறை நிறையப் பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள் வேறு ஏதோ கையெழுத்துக்காக நின்றிருந்தார்கள். அவள் வரிசையில் நிற்காமல் நேராக வந்து, “நீங்க அனுப்பியாச்சுங்கீய. பேங்க்ல வரலைங்காவ. அப்ப நடுவுல எங்க போச்சு மேடம்?” என்றாள். குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. அவள் கேட்டது நியாயமான கேள்வி. இன்றைக்கு யோசித்தால், அந்த அறையில் கேட்கப்பட்ட ஒரே புத்திசாலித்தனமான கேள்வியும் அதுதான். அப்போது என் காதில் அது அப்படி விழவில்லை. இருபது வருடப் பெருமையும் அத்தனை பேர் முன்னால் சந்தியில் நின்றதாகத் தோன்றியது. ‘நான் தின்னுட்டேன்னு சொல்லுதியா?’ என்று கத்தினேன். கோபம் வந்தால் எனக்கும் ஊர்ப் பேச்சுதான் வரும். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ‘வெளியே போ’ என்றேன். அவள் முகம் சுருங்கிப்போய்த் திரும்பியது.

அடுத்த திங்கட்கிழமை அம்மா வந்தார். வாசலிலேயே கைகூப்பினார். “சின்னப் பிள்ளை மேடம், வாய் நீண்டுட்டு. மனசுல வச்சுக்கிடாதீய” என்றார். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. ‘பேசினவளை வந்து பேசச் சொல்லுங்க’ என்று சொல்லிவிட்டு ஃபைலைப் புரட்டினேன். மதியம் வரை வெளியே பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பிடப் போகும்போது அவரைத் தாண்டித்தான் போனேன். அதற்கடுத்த திங்கட்கிழமையும் வந்தார், அதேபோல உட்கார்ந்திருந்தார், போய்விட்டார். மகளை அழைத்து வரவில்லை. அவள் வருவதாக இல்லை, நானும் இறங்கி வருவதாக இல்லை. அந்த நாலு வரிக் குறிப்பை எழுத எனக்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அவள் வந்து மன்னிப்புக் கேட்கட்டும், அந்த நிமிடமே எழுதிவிடலாம் என்று இருந்தேன். இரண்டாவது திங்கட்கிழமை போய் நாலாம் நாள் தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசி நாள் முடிந்தது. அது முடிந்துவிட்டது என்று எனக்கு உறைத்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஊருக்குப் போகிற பஸ்ஸில்.

அவள் தேர்வு எழுதவில்லை. தேர்வு முடிந்து வகுப்பு திறந்தபோது வரவும் இல்லை. ராஜபாளையத்துக்கு வெளியே ஒரு நூல் மில்லில் வேலைக்குப் போய்விட்டதாக அவள் வகுப்புப் பெண் ஒருத்தி சொன்னாள். அந்த வருடம் நின்றுபோன பிள்ளைகளின் பட்டியலில் அவள் பெயரை நானேதான் தட்டச்சு செய்தேன். காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. ‘குடும்பச் சூழ்நிலை’ என்று போட்டேன். எல்லோருக்கும் அதைத்தான் போடுவோம். வருத்தமாக இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பேங்கில் ஏதோ கோளாறு, நாம் என்ன செய்ய முடியும் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொள்ள எனக்கு அதிக நாள் பிடிக்கவில்லை.

அடுத்த கல்வியாண்டில் கிருஷ்ணன்கோவில் பக்கத்திலிருந்து வருகிற ஒரு மாணவிக்கும் இதே கதை. என் பக்கம் அனுப்பியாயிற்று, அவள் பாஸ்புக்கில் வரவில்லை. முந்தின வருடத்து உறுத்தல் கொஞ்சம் இருந்ததால், இந்தமுறை அவளைக் கூட்டிக்கொண்டு நானே பேங்குக்குப் போனேன். அங்கே இருந்த பெண் அதிகாரி சின்ன வயது. இது கூடத் தெரியாதா என்று நினைத்திருப்பார், முகத்தில் காட்டவில்லை. “விண்ணப்பத்துல நீங்க எந்தக் கணக்கை எழுதுனாலும் சரி மேடம், ஆதாரைக் கடைசியா எந்தக் கணக்கோட சேத்தாங்களோ அங்கதான் போகும். லீவுல மில்லு, கம்பெனின்னு எங்கேயாவது வேலைக்குப் போயிருப்பாங்க. அங்க புதுசா ஒண்ணு திறந்து கொடுத்திருப்பாங்க” என்றார். கூட வந்த மாணவி, ஆமாம், ஒரு துணிக்கடையில் இரண்டு மாதம் வேலை பார்த்தேன் என்றாள். அந்த அதிகாரி மேலே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் காதில் விழவில்லை. மில்லு என்கிற சொல் விழுந்ததும் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது என் மேஜை, காகிதக் குவியல், ஓரத்தில் குப்புறக் கிடக்கிற வெள்ளைக் கவர், அதன்மேல் ஆவி பறக்கிற என் டீ கிளாஸ்.

ஞாயிற்றுக்கிழமை தளவாய்புரத்துக்குப் போனேன். தெருவில் நுழைந்ததுமே இரண்டு பக்கமும் மெஷின் சத்தம். ஒரு வாசலில் விசாரித்ததும் வீட்டைக் காட்டினார்கள். என்னைப் பார்த்ததும் அந்த அம்மா மடியிலிருந்த துணியெல்லாம் சரிய எழுந்து நின்றார். கல்லூரியிலிருந்து ஆள் வீட்டுக்கு வந்தால் நல்லதுக்காக இருக்காது என்கிற பயம் அவர் முகத்தில் தெரிந்தது. மூத்தவளுக்கு அன்று மில் விடுமுறை. அவள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, “வாங்க மேடம்” என்று மட்டும் சொன்னாள். ஒரு வருடத்தில் ஆள் இளைத்திருந்தாள், தலைமுடி ஓரத்தில் பஞ்சுத் துகள் ஒட்டியிருந்தது. அந்தப் பையை எடுத்து வரச் சொன்னேன். சாமி படத்துக்குக் கீழே மாட்டியிருந்ததை எடுத்து வந்தார்கள். கவர் உள்ளே இருந்தது. ஒட்டியது ஒட்டியபடி, முன்பக்கம் பேங்கின் பெயரும், கண்ணாடித்தாள் ஜன்னலுக்குள் மூத்தவளின் பெயரும். பின்பக்கம் என் கிளாஸின் வட்டம்.

நடந்தது சின்ன விஷயம். முதல் வருடம் முடிந்து வந்த லீவில் அவள் வேறொரு மில்லுக்கு வேலைக்குப் போயிருக்கிறாள். இரண்டாம் மாதத்திலிருந்து சம்பளத்தைப் பேங்கில் போடுவோம் என்று எல்லோரிடமும் ஆதாரை வாங்கிக் கணக்குத் திறந்திருக்கிறார்கள். அதற்குள் கல்லூரி திறந்துவிட, மிச்சச் சம்பளத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பேங்கிலிருந்து வருகிற குறுஞ்செய்தி போகிற ஃபோன் நம்பர் கூட அங்கிருந்த யாரோ ஒரு மேஸ்திரியுடையது. சில வாரம் கழித்துப் பக்கத்து வீட்டுப் பெண் மில்லிலிருந்து இந்தக் கவரைக் கொண்டுவந்து, பத்திரமாக வைக்கச் சொன்னார்கள் என்று கொடுத்திருக்கிறாள். “மில்ல விட்டு நின்னாச்சு. பொறவு அது மில்லுக்காரவிய சாமான்தான. அடுத்தவிய கவர நம்ம பிரிக்கலாமா மேடம்?” என்று அந்த அம்மா கேட்டார். ராஜபாளையத்தைச் சுற்றி மில்லில் வேலை பார்த்த எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் இப்படித்தான் சொல்வார்கள். மில் கொடுத்த தொப்பி, மில் கொடுத்த அடையாள அட்டை, மில் திறந்த கணக்கு, வேலையை விட்டால் எல்லாம் மில்லுக்கே சொந்தம். தன்னுடையது இல்லாததைத் தொடக்கூடாது என்கிற நேர்மையில் அவர் அதைப் பிரிக்கவில்லை. திருப்பிக் கொடுக்கும் நாள் வந்தால் கையில் இருக்க வேண்டுமே என்று எங்கே போனாலும் கூடவே எடுத்துப் போனார். என் மேஜைக்கும் கொண்டுவந்தார், திங்கட்கிழமை தோறும்.

மூத்தவள் கவரைப் பிரித்தாள், உள்ளே அவள் பெயரில் ஒரு ஏடிஎம் கார்டும் கணக்கு எண் அச்சடித்த தாளும் இருந்தன. மறுநாள் மூன்று பேரும் ராஜபாளையத்தில் அந்த பேங்குக்குப் போனோம். “பேங்குக்குள்ள எனக்கு என்ன வேலை, நீங்க பாத்துட்டு வாங்க” என்று அம்மா வெளியே படியில் உட்கார்ந்துவிட்டார். நானும் மூத்தவளும் உள்ளே போனோம். கணக்கில் பணம் முழுதாக இருந்தது. தாளில் அச்சடித்துக் கொடுத்தார்கள். ஒரே ஒரு வரவு. அந்தத் தேதியை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்த்தோம் என்று நினைக்கிறேன். என் கம்ப்யூட்டர் ‘அனுப்பப்பட்டது’ என்று காட்டிய அதே நாள். அந்த அம்மா முதல் திங்கட்கிழமை பஸ் ஏறியதற்கும் முன்னாலேயே பணம் வந்துவிட்டது. அவள் அழுவாள், இல்லை என்மேல் பாய்வாள் என்று எதிர்பார்த்து நின்றேன். பாய்ந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் தாளை நாலாக மடித்தாள். கண்ணாடிக் கதவு வழியாக வெளியே படியில் உட்கார்ந்திருந்த அம்மாவின் முதுகைப் பார்த்தாள். “தேதியை அம்மாட்ட சொல்லாதீய மேடம். இப்பத்தான் வந்துருக்குன்னு சொல்லுங்க. அம்புட்டு நாளும் பணம் அது கையிலதான் இருந்துச்சுன்னு தெரிஞ்சா தாங்காது” என்றாள்.

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். குறிப்பு எழுதாமல் விட்டதையும் சொன்னேன். அவளுக்கு அது தெரியாது என்று நினைத்திருந்தேன். “தெரியும் மேடம். கூடப் படிச்ச பிள்ளைகளுக்கு எழுதிக் குடுத்தீயல்லா” என்றாள். குரலில் சூடு இல்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

வெளியே வந்து, இப்போதுதான் வந்திருக்கிறது என்று சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சரளமாக ஒரு பொய்யைச் சொன்னதில்லை. தளவாய்புரத்தம்மா இரண்டு கையையும் கூப்பி, கண்ணில் தண்ணீர் வழிய, “நான் இவட்ட அப்பவே சொன்னேன் மேடம், அந்த மேடம் வரும்னு சொன்னா வந்துரும்னு. கோவக்காரவியதான், ஆனா சொன்ன சொல்லு மாறாதுன்னு. உங்க வாக்குப் பலிச்சிட்டு” என்றார். வேண்டாம் என்று எவ்வளவு சொல்லியும் கேட்காமல் பக்கத்துக் கடையில் எனக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். குடிக்காமல் இருக்க என்ன காரணம் சொல்வது? மூத்தவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முதல்வரிடம் பேசி அவளைத் திரும்பச் சேர்க்க எல்லா ஏற்பாடும் செய்தேன். கையைக் காலைப் பிடித்தேன் என்றே சொல்லலாம். இழந்த பருவத்தை அவளுக்குப் பின்னால் வந்த வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கலாம் என்றார்கள். அவள் வரவில்லை. ஃபோனில் பேசினேன். மில்லில் நிரந்தரமாக்கப் போகிறார்கள், தங்கை படிக்கட்டும், அவளுக்கு அந்தப் பணம் ஆகும் என்றாள். நான் விடாமல் கேட்டபோது, “அந்தப் பாடத்தையெல்லாம் எடுத்துப் பாத்தேன் மேடம். ஒண்ணும் மண்டையில ஏற மாட்டேங்கு. முன்னால இருந்த மாதிரி இல்ல” என்றாள். உண்மையா, என்னை விட்டால் போதும் என்று சொன்னதா, தெரியாது. அவள் தன் அம்மாவிடம் சொன்னது வேறு. படிப்பில் இஷ்டமில்லை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டாளாம். சான்றிதழ்களை வாங்கிப் போக வந்த நாளில் அந்த அம்மா என்னிடம் மகளைப் பற்றித்தான் குறைப்பட்டார். “பணம் வந்த பொறவும் போவ மாட்டேங்கா. எம்புட்டு ஏசியாச்சு. கல்லு மாதிரி நிக்கா. நீங்க அம்புட்டு பாடுபட்டு வாங்கிக் குடுத்தீய.” நான் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினேன். சான்றிதழ்களைக் கடைப்பை ஒன்றில் போட்டுக்கொண்டார். பூப்போட்ட பையை என் பக்கம் தள்ளி, “இனி இதுக்கு வேலை இல்ல மேடம். பேனா கீனா வச்சுக்கிடுங்க. அந்தக் கவரும் உள்ளதான் கிடக்கு, வேண்டாம்னா எறிஞ்சிருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து என் மேஜைக்கு யார் வந்தாலும் பையில் இருப்பதையெல்லாம் வெளியே எடுக்கச் சொல்கிறேன். ஒட்டிய கவர் இருந்தால் பிரிக்கச் சொல்கிறேன். கடைசியாக எங்கே வேலை பார்த்தாய், அங்கே ஆதார் கொடுத்தாயா என்று கேட்டுத்தான் அடுத்த கேள்வி. கடுகு மேடம் இப்போது போலீஸ் ஆகிவிட்டது என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். தேர்வு நெருங்கும்போது அந்த நாலு வரிக் குறிப்பை யாரும் கேட்பதற்கு முன்பே எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுகிறேன். இதில் எதுவும் அவளுக்கு ஆகப்போவதில்லை. அது எனக்கும் தெரியும்.

இந்த வருடச் சேர்க்கையில் தளவாய்புரத்தம்மா மறுபடி வந்தார். இளையவளுக்குக் கணிதத்தில்தான் இடம் கிடைத்திருக்கிறது. முடி நரைத்திருந்தது, கண்ணாடி போட்டிருந்தார். கையில் புதுப்பை, நீலத்துணியில் வெள்ளைப் பூ, அதே ஜிப். நான் சொல்வதற்கு முன்பே எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பினார். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பையைக் கவிழ்த்தும் பார்த்தேன். மேஜை ஓரத்தில் தனியாக எதுவும் இல்லை. அவர் மகளின் தோளைத் தொட்டு என்னைக் காட்டி, “ஏட்டி, இந்த மேடத்த நல்லாப் பாத்துக்கோ. ஒங்க அக்காவுக்குப் பணம் வந்தது இவிய சொல்லுலதான். வரும்னு சொன்னா வரும்” என்றார். இளையவள் என்னைப் பார்த்தாள். அக்காவின் அதே கண். அக்கா சொல்லி அவளுக்குத் தேதி தெரியும் என்று அந்தப் பார்வையிலேயே புரிந்தது. அவளும் அதை அம்மாவிடம் சொல்லியிருக்கவில்லை.

அட்டெண்டர் டீ கொண்டுவந்து கையில் கொடுத்தார். மேஜை முழுக்கக் காகிதம். என் முழங்காலுக்குப் பக்கத்தில், மூடிய இழுப்பறைக்குள், பழைய பையும் அதற்குள் கறை பட்ட கவரும் இருந்தன. தளவாய்புரத்தம்மா அவசரமாகச் சான்றிதழ்களைத் தள்ளி எனக்காக ஓர் இடம் ஒதுக்கினார். “வைங்க மேடம், இங்கன வைங்க” என்றார். கிளாஸ் விரலைச் சுட்டது. அவர்கள் எழுந்து போகிறவரை நான் அதைக் கீழே வைக்கவில்லை.